பப்படக் களத்துக்கு ஒரு கூரை

எங்கள் தெருவில் தொழிலை வளர்ப்பதற்காக சர்க்கார் முதன்முதலில் கொண்டுவந்து இறக்கியது முள்கம்பி. நான்கு பக்கமும் கம்பியைக் கட்டி, நடுவில் ஒரு பலகையை நட்டார்கள். தொழில் ஊக்க மண்டபம் கட்டுவதற்கான இடம் என்று அதில் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. தெருவில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு வீட்டுக்காரியும் தனித்தனியாக என்னைக் கூட்டிக்கொண்டு போய் வாசிக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு வாசித்தது தனக்கும் சேர்த்துத்தான் என்று ஒருத்திகூட ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் வாசிக்கக் கேட்டபின் கேட்ட கேள்வி ஒன்றே: "அப்போ நாம எங்க போயி காயப்போட?"

நாங்கள் பப்படம் போடுகிறவர்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்கள் அப்பளம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அப்பளம் மாதக்கணக்கில் டப்பாவில் கிடக்கும் சாது. எங்கள் பப்படம் இரண்டு நாள் விருந்தாளி. தேங்காயெண்ணெயில் விழுந்த மாத்திரத்தில் பந்துபோல் பொள்ளி உப்ப வேண்டும். இலையில் பருப்பும் நெய்யும் விழுந்தவுடன் உள்ளங்கையால் ஒரே அழுத்தில் நொறுங்க வேண்டும். அப்படிப் பொள்ளாத பப்படத்தைத் திருவனந்தபுரத்தில் நாய்கூட முகர்ந்துபார்க்காது. பொள்ளுவதும் பொள்ளாததும் மாவை இடிப்பதில் பாதி இருக்கிறது. மற்றப் பாதி வெயிலில் இருக்கிறது. மர நிழல் விழாத, காற்று தடைபடாத வெட்டவெளி வேண்டும். கரமனை ஆற்றுக்கு இப்பால், அக்கிரகாரத் தெருக்கள் முடிந்து எங்கள் தெரு தொடங்குகிற இடத்தில் அப்படி ஒரு புறம்போக்கு கிடந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து எங்கள் ஆட்கள் இங்கே குடிவந்த நாள் முதல் அதுதான் எங்களுக்குக் களம். காலையில் எல்லா வீட்டுப் பாய்களும் அங்கே விரியும்.

அந்தக் களத்தில்தான் சர்க்காருக்கு ஊக்கம் பிறந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் உட்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அப்போது நான் காலேஜில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கூடையைச் சுமந்துபோய் ஹோட்டல்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போட்டுவிட்டு வருவார். பேசுகிற வேலை முழுவதையும் அம்மாவிடம் ஒப்படைத்திருந்தார். அம்மா அதைக் குறைவில்லாமல் செய்துவந்தாள்.

வேலி வந்தபின் அவரவர் வீட்டு முற்றத்தில் காயப்போட்டோம். எங்கள் முற்றத்தில் அண்டை வீட்டுப் பலாமரம் குடைபிடித்து நின்றது. வெயில் இலைக்கு இலை தாவித்தாவி எப்போதாவது தரைக்கு வரும். அரைக்காய்ச்சலில் எடுத்த பப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தம்பானூர் ஹோட்டல்காரர் ஒருநாள் கூடையை அப்படியே திருப்பியனுப்பினார். எண்ணெயில் போட்டால் ஈரத்துணி மாதிரி கிடக்கிறது என்று சொன்னாராம். இரண்டாம் தடவையும் கூடை திரும்பி வந்தபோது அம்மா உட்கார்ந்துவிட்டாள். களம் திரும்பக் கிடைக்காவிட்டால் பப்படம் நின்றுவிடும். பப்படம் நின்றால் எங்கள் வீட்டில் வேறு வழி இல்லை. என் காலேஜ் படிப்பும் அந்தப் பாயில்தான் காய்ந்துகொண்டிருந்தது.

"எட்டி, இங்கிலீஷ் படிச்சிருக்கேல்லா? போயி கேளு" என்றாள் அம்மா. "எங்க நெலத்தை எங்களுக்குத் தாங்கன்னு கேளு. வேற ஒண்ணும் வேண்டாம்."

போனேன். ஊக்க ஆபீசின் உத்தியோகஸ்தர் இளவயதுக்காரர், மலையாளி. கழுத்தில் டை கட்டியிருந்தார். தமிழர்களிடம் தமிழில் பேசுவது தம் கடமை என்று எண்ணுகிறவர். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"இரிக்கணும், இரிக்கணும். பப்படமா? ஆஹா, நாட்டுத் தொழில்! ஊக்கம் கொடுக்க வேண்டிய தொழில்!"

"ஊக்கம் வேண்டாம் சார். நிலம் வேணும்."

"நிலம் ரெவின்யூக்காரங்க வகை. நாங்க ஊக்கம் மாத்திரம்."

"நிலத்தை எடுத்தது உங்க ஆபீஸ்தானே?"

"எடுத்தது ஊக்கத்துக்கு வேண்டித்தானே? பின்னே?" என்று சிரித்தார். நான் ஏதோ அவர் கட்சியில் சேர்ந்துவிட்டதுபோல் அவ்வளவு பிரியமான சிரிப்பு. "இப்போ உங்களுக்கு உள்ள கஷ்டம் எந்தா? அதைப் பறயணும்."

"வெயில் இல்லை சார். வெயில் உள்ள நிலம் வேலிக்குள்ள இருக்கு."

அவர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அப்படியென்னா வெயிலே வேண்டாத்த ஒரு மெஷின் தரலாம்!"

நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், நிலத்தைக் கேட்டேன், இயந்திரம் தருகிறார்களாம் என்று எரிச்சலோடு சொன்னேன். நிலத்தைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்ற அம்மாவுக்கு அந்த க்ஷணமே புத்தி மாறிவிட்டது. "மெஷினா? நமக்கா? வேற யாருக்காவது சொல்லியிருக்கானா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். வேறு யாருக்கும் இல்லை என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் சொல்லப் புறப்பட்டுவிட்டாள். இந்தச் சித்தி எங்களுக்கு உறவில்லை. அம்மாவோடு சேர்ந்து மாவு இடிப்பவள், சேர்ந்தே சண்டையும் போடுபவள்.

இயந்திரம் மாட்டுவண்டியில் மாலை போட்டுக்கொண்டு வந்தது. ஆளுயரத் தகர அலமாரி. உள்ளே கம்பித்தட்டுகள், அடியில் சிரட்டைக்கரி போடும் அடுப்பு. உத்தியோகஸ்தர் கற்பூரம் ஏற்றி, தாமே முதல் கரியைப் போட்டார். தெருவே கூடி நின்றது. அம்மா பட்டுப்புடவை கட்டி, அந்த அலமாரியைத் தானே பெற்றவள்போல் பக்கத்தில் நின்றாள்.

முதல் தட்டில் வெந்த பப்படம் கைக்கு வந்தபோது புகைவாசம் வந்தது. தட்டினால் ஓசை கேட்டது. ஆனாலும் அம்மா அதை அடுக்கி, அக்கிரகாரத்தில் நிச்சயதார்த்தம் நடந்த ஒரு வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மறுநாள் அந்த வீட்டு மாமி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏண்டி, இதென்ன பப்படமா, ஓட்டுத்துண்டா? எண்ணெய்லே போட்டா கல்லாட்டமா அடியிலே உக்கார்றது. சம்பந்தி மனுஷா என்னைப் பாத்துச் சிரிக்கறா!"

"மாமி, அது மெஷின்ல காஞ்சது. சர்க்கார் மெஷின்."

"அப்படின்னா சர்க்காரையே திங்கச் சொல்லு!"

மாமி போனபின் அம்மா அலமாரியின் கதவைச் சாத்தினாள். பிறகு அதில் கோழியை அடைவைத்தாள். குஞ்சு பொரித்தது. அந்த இயந்திரம் எங்கள் தெருவில் செய்த உற்பத்தி அவ்வளவுதான். உத்தியோகஸ்தர் ஒருநாள் சோதனைக்கு வந்து, கதவைத் திறக்காமல் அலமாரியின்மேல் கைவைத்துப் பார்த்தார். முற்றத்து வெயிலில் தகரம் சுட்டது. திருப்தியோடு உபயோகத்தில் இருப்பதாகக் குறித்துக்கொண்டு போனார். எங்கள் பலாமரத்து இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்த அந்தக் கொஞ்சம் வெயிலும் இப்போது அலமாரியின்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

ராஜ்யம் முழுக்க இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். விழிஞ்ஞத்து மீன்பிடிக்காரர்கள் வலைக்கு நூல் கேட்டார்களாம். வலை பின்னக் கற்றுக்கொடுக்க ஒரு ஆசிரியரை அனுப்பினார்களாம், அவர் கடலைப் பார்த்ததே அன்றுதானாம். இவ்வகைக் கதைகள் பெருகிப்போய்ச் சட்டசபையில் யாரோ கேள்வி கேட்டுவிட்டார்கள். கேள்வி வந்தால் சர்க்கார் பதில் சொல்வதில்லை, கமிட்டி போடும். தொழிலுக்கு உதவும் முறையைச் சீர்திருத்துவதற்கு ஒரு கமிட்டி வந்தது. அதன் தலைவர் பென்ஷன் வாங்கிய ஒரு ஜட்ஜ். மற்ற மூவரும் தலையசைக்க வந்தவர்கள். அதற்குள் எங்கள் களத்தின் பின்பாதியில் ஊக்க மண்டபத்தைக் கட்டி முடித்திருந்தார்கள். கமிட்டி அங்கேதான் உட்காரப்போகிறது, பப்படக்காரிகள் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று தகவல் வந்தது. மொழிபெயர்க்க என்னை வரச்சொன்னார்கள். மூன்று பாஷை பேசும் பப்படக்காரி மகள் வேறு யாரும் அவர்களுக்குக் கிடைத்திருக்க மாட்டாள்.

கமிட்டி பதினோரு மணிக்கு. எங்களை ஒன்பதுக்கே வந்து காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். போனோம். வேலியின் கதவு விரியத் திறந்திருந்தது. மண்டபத்துக்கு முன்னால் மிச்சமிருந்த களத்தைக் கமிட்டிக்காக மேடுபள்ளம் இல்லாமல் நிரவி, அடித்து, பெருக்கி வைத்திருந்தார்கள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி அம்மாவைப் பார்த்தாள்.

"தரையைப் பாத்தியா?" என்றாள் அம்மா.

"கண்ணாடில்லா" என்றாள் சித்தி.

எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். அன்று காலையில் பரத்தி வைத்திருந்த பப்படம் எல்லா வீட்டிலும் ஈரமாகக் கிடந்தது. பாய்கள் தலைமேல் வந்தன. நான் "அம்மா, இது சாட்சி சொல்ல வந்த இடம்" என்றேன். "சாட்சியெல்லாம் வாயாலதானே சொல்லணும், கை சும்மா இருக்குல்லா" என்றாள். காவற்காரன் கையை உதறிக்கொண்டு வந்தான்.

"ஐயோ, கமிட்டி வரும்! எடுக்கணும், எடுக்கணும்!"

"கமிட்டி எதைப் பாக்க வருது? தொழிலைத்தானே? பாத்துட்டுப் போட்டும். நீ அந்தக் காக்காயைப் பாரு" என்று அவன் கையில் சித்தி ஒரு கம்பைக் கொடுத்தாள். காவல் அவன் வேலைதானே; வாங்கிக்கொண்டான்.

பிறகு உத்தியோகஸ்தர் வந்தார். வாசலில் திகைத்து நின்றார். களம் முழுக்கப் பப்படம். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ தலையைச் சாய்த்துப் பார்த்தார், பின்னால் நகர்ந்து பார்த்தார். "காட்சிக்குக் கொள்ளாம்" என்றார், பார்க்க நன்றாயிருக்கிறது என்று. பாய்களை வரிசையாக இழுத்துப்போடச் சொல்லி, நடுவில் கமிட்டி நடந்துவர வழி விட்டு, ஒரு மூலையில் கோணலாகக் கிடந்த பப்படத்தைத் தாமே குனிந்து நேராக்கினார். கமிட்டி இரண்டு காரில் வந்து, அந்த வழியே வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்து, மண்டபத்துக்குள் ஏறியது.

விசாரணை தொடங்கியது. முதல் சாட்சி அம்மா. பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. வாசல் வழியாக வானம் தெரியும்படி நின்றுகொண்டாள். ஜட்ஜ் இங்கிலீஷில் கேட்பார். நான் தமிழில் சொல்வேன்.

உங்கள் தொழிலில் பெரிய இடைஞ்சல் எது என்று கேட்டார்.

"வெயில் இல்லை" என்றாள் அம்மா.

வெயில் சர்க்காரின் கையில் இருக்கிறதா என்று ஜட்ஜ் கேட்டார். மற்ற மூவரும் சிரித்துக்கொடுத்தார்கள்.

"முந்தி இருக்கல்ல. வேலி போட்டதுக்கப்பறம் சர்க்கார் கையிலதான் இருக்கு."

இதை நான் ஒரு எழுத்து குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கமிட்டியின் முதல் உருப்படியான வேலை அது.

இயந்திரம் பிரயோஜனமாக இருக்கிறதா என்று அடுத்த கேள்வி. உத்தியோகஸ்தர் அம்மாவைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார்.

"ரொம்பப் பிரயோஜனம். கோழிக்கு."

"கோழிக்கு என்றால்?"

"முட்டை..." என்று தொடங்கிய அம்மா நிறுத்திவிட்டாள். மூக்கைத் தூக்கினாள். ஆற்றுப்பக்கத்திலிருந்து ஒரு குளிர்ந்த காற்று வந்தது. திருவனந்தபுரத்து மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. கடலுக்குமேல் நின்றிருந்துவிட்டு, நாம் அசந்த நேரத்தில் வந்து விழும். எங்கள் களத்தில் ஒரு சட்டம் உண்டு. யார் முதலில் மோப்பம் பிடிக்கிறாளோ அவள் கத்த வேண்டும். கத்தல் கேட்டவர்கள் எதைச் செய்துகொண்டிருந்தாலும் ஓடிவர வேண்டும். யார் வீட்டுப் பாய் என்று பார்க்கக்கூடாது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளும் பிள்ளையோடு ஓடுவாள். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுப் பாயையும் அள்ளிக் கொடுத்துவிட்டு மறுபடி பேசாமல் போவாள்.

"மழ!" என்றாள் அம்மா.

சாட்சிகள் மொத்தமும் வெளியே பாய்ந்தோம். மொழிபெயர்ப்பாளரும் பாய்ந்தாள். முதல் துளி விழுவதற்குள் பாதிப் பாய்களைச் சுருட்டிவிட்டோம். எங்கே கொண்டுபோக? தெரு தூரம், மண்டபம் பக்கம். படியேறி உள்ளே ஓடினோம். கமிட்டியின் மேஜைதான் அங்கே இருந்ததிலேயே பெரிய, உலர்ந்த இடம். பச்சைத்துணி விரித்த அந்த மேஜைமேல் பப்படங்கள் வந்து குவிந்தன. மைக்கூடு ஒன்று உருண்டது. நாற்காலிகளில் அடுக்கினோம். கமிட்டி எழுந்து நிற்க வேண்டியதாயிற்று.

"சைலன்ஸ்!" என்று ஜட்ஜ் கோர்ட்டுக் குரலில் கத்தினார். இங்கிலீஷ் தெரியாத சித்தி, அவரும் மழைக்குத்தான் கத்துகிறார் என்று எடுத்துக்கொண்டாள். ஒரு பெரிய அடுக்கை அவர் கையில் திணித்து, "நல்லாப் பிடிச்சுக்கிடுங்க சாமி, சாய்ச்சிராதிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாய்க்கு ஓடினாள். ஜட்ஜ் பிடித்துக்கொண்டார். கீழே போட்டால் என்ன ஆகுமோ என்று பயந்தவர்போல் தாடையால் வேறு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோட்டெல்லாம் உளுந்துமாவாக, மழை விடும்வரை நின்றார். தொழிலுக்கு நிஜமாகவே கைகொடுத்த ஒரே கமிட்டி அது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூலையில் இரண்டு பாய் பப்படம் கரைந்து கூழாகிவிட்டது. மற்றதெல்லாம் தப்பியது. மழை விட்டதும் கமிட்டி மேற்கொண்டு சாட்சி எதுவும் கேட்காமல் காரில் ஏறிப் போயிற்று. வேலியின் கதவைப் பூட்டினார்கள்.

மாதங்கள் போயின. ஹோட்டல்காரர் வேறு தெருவில் வாங்கத் தொடங்கியிருந்தார். எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் உலக்கையை மூலையில் சாத்திவிட்டு நாஞ்சில் நாட்டுக்கே திரும்பின. அம்மா ஒரு சாயங்காலம் என் காலேஜுக்குக் கட்டவேண்டிய அடுத்த வருஷச் சம்பளத்துக்கு என்ன செய்வது என்று என்னிடம் கேட்காமல் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்காததுதான் எனக்குச் சுட்டது.

அப்போதுதான் உத்தியோகஸ்தர் ஓடிவந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஜயிச்சு! உங்க களம் உங்களுக்கே! கமிட்டி சிபாரிசு செய்து, சர்க்கார் ஒத்துக்கொண்டாச்சு!"

அம்மா கைகூப்பினாள். சித்தி தன் வீட்டு முற்றத்திலிருந்தே குலவையிட்டாள்.

"வெறும் களம் அல்ல, கேட்டோ" என்று உத்தியோகஸ்தர் மேலும் சொன்னார். "ஜட்ஜ் எஜமானே நேரில் பார்த்தாரல்லே, மழையில் நீங்க பட்ட பாடு? அவர் மனசு இளகிப்போச்சு. இனிமேல் பப்படம் ஒருநாளும் நனையாது. களம் முழுசுக்கும் சர்க்கார் செலவில் கூரை! தகரக் கூரை!"

அம்மா கூப்பிய கையை இறக்கினாள்.

"வெயில்கூடப் படாது" என்று அவர் பெருமையோடு முடித்தார்.

அவர் போனபின் அம்மா என்னை உலுக்கினாள். "நீ என்னடி மொழிபெயர்த்தே அங்க?"

அம்மா சொன்னதைத்தான் நான் சொன்னேன். வெயில் வேண்டும் என்று அம்மா சொன்னதை அவர்கள் காதால் கேட்டார்கள். மழையைக் கண்ணால் பார்த்தார்கள். கமிட்டிகளுக்குக் காதைவிடக் கண்ணில் நம்பிக்கை அதிகம். பார்த்ததையெல்லாம் சீர்திருத்திவிட்டார்கள்.

வேலியைப் பிரித்தார்கள். களத்தில் குழி தோண்டிச் செங்கல் தூண்கள் எழுப்பினார்கள். ஒவ்வொரு தூண் எழும்பும்போதும் அம்மா வாசலில் நின்று முறைப்பாள். தூண்கள் முடிந்து, மேலே மரச்சட்டம் ஏற்றி, தகரத்துக்குக் காத்திருந்த சமயத்தில் ஐரோப்பாவில் யுத்தம் வந்தது. தகரம், இரும்பு எல்லாம் பட்டாளத்துக்குப் போயிற்று. கூரை நின்றுவிட்டது.

மறுநாளே நாங்கள் தூண்களுக்கிடையில் பாய் விரித்தோம். சட்டங்களின் நிழல் கோடுகோடாக விழும். நாழிகைக்கு ஒருமுறை பாயை நகர்த்திக்கொள்வோம். தம்பானூர் ஹோட்டலுக்கு அப்பா மறுபடி கூடை தூக்கினார். ஹோட்டல்காரர் ஒரு பப்படத்தைத் தாமே பொரித்துப் பார்த்து, அது பொள்ளி எழுந்ததும் மற்றவற்றை எண்ணாமலே உள்ளே எடுத்துக்கொண்டாராம். நான் காலேஜை விடவில்லை. இந்தப் பங்குனியில் பரீட்சை எழுதுகிறேன்.

உத்தியோகஸ்தர் மட்டும் இன்றும் சமாதானம் அடையவில்லை. எங்கள் களத்துத் தகரம் அவர் மனசில் ஒரு கடனாகக் கிடக்கிறது. மாதம் ஒருமுறை வந்துவிடுவார். போன வாரமும் வந்தார். நல்ல உச்சி வெயில். தலைக்கு மேலே வெறுஞ்சட்டங்களைப் பார்த்துவிட்டு, கீழே முறுகிக்கொண்டிருந்த பப்படங்களைப் பார்த்துவிட்டு, குற்றவாளி மாதிரி நின்றார்.

"அம்மா, என்னைக் குத்தம் சொல்லப்படாது. யுத்தம் முடிஞ்சா முதல் தகரம் உங்களுக்குத்தான். மேலே எழுதிக்கொண்டே இருக்கேன்."

அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். ஒரு கட்டு பப்படத்தை இலையில் சுற்றிக் கையில் வைத்தாள்.

"நீங்க எதுக்கு சாரே வருத்தப்படுதிய? பட்டாளத்துக்காரனுக்கு முதல்ல கொடுங்க. பாவம், சண்டை போடுதாம்லா. நாங்க பொறுத்துக்கிடுவோம்."

அவர் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட பொறுமைசாலிகளை வேறெங்கும் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னார். அதையும் ரிப்போர்ட்டில் எழுதுவாராம்.

"எழுதுங்க சார்" என்றேன். "ஆனா மெதுவா எழுதுங்க."